ஒரே மாதிரியான கோதுகள்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம், கார் திருத்தும் கராச் ஒன்றுக்குப் பின்னால் இருந்த சின்னப் பட்டறையில், சுட்டு முடிந்த துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கோதுகளைத் தரம் பிரிப்பதுதான் கிளடிஸின் வேலை. மகனைச் சூட்டுக்குப் பறிகொடுத்தவளுக்கு வேறு வேலையே அகப்படவில்லையா என்று கேட்பீர்கள். தொண்ணூற்றிரண்டில் ரொறன்ரோவில் வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பு. வந்த வேலையை வேண்டாமென்று விட அவளுக்கென்ன விசரா?

அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்து ஒரே கொம்பனிக் கோதுகளைச் சேர்ப்பாள். கழுத்து வெடித்தவற்றைக் கழிப்பாள். மிச்சத்தைத் தராசில் நிறுத்து, பாரம் ஒத்தவற்றை ஒரு பெட்டியில் போடுவாள். அவற்றில் முதலாளி திரும்பவும் வெடிமருந்து நிரப்பி, சன்னமும் பொருத்தி, சூட்டுப் போட்டிக்காரருக்கு விற்பார்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் செய்தாள். அவளைத் தாங்கி நிறுத்தியது ஒன்றே ஒன்று. மகன் யூட்சனை யாரும் வேண்டுமென்று சுடவில்லை. ஊரில் ஆமிச் சென்றியில் காவல் நின்ற எவனோ வேறு எதையோ பார்த்துச் சுட்ட வெடி, பாண் வாங்கப் போன பிள்ளையில் பட்டுவிட்டது. ஊரும் அப்படித்தான் சொன்னது, புருசன் யேசுரட்ணமும் அப்படித்தான் சொன்னார். அதை நம்பித்தான் அவள் பூசைக்குப் போகிறாள், சுட்டவனுக்காகவும் செபிக்கிறாள்.

அன்று முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். கையில் போட்டியில் சுட்ட குறிக் கடதாசி. வட்டத்தின் நடுவில் இரண்டு துளை, ஒன்றையொன்று தொடாத குறை. எல்லாம் நீ பிரித்துத் தந்த கோதுகள்தான் என்று புகழ்ந்தார். கோதும் ஒன்றுபோல இருந்து, சுடுகிறவனும் ஆறுதலாகக் குறி பார்த்தால்தான் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் விழும், கண்டபடி சுட்டால் விழாது என்றார்.

கிளடிஸ் அந்தத் துளைகளின் மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சிலும் இரண்டு காயம். நடுவில் ஒரு பெருவிரல் வைக்க இடமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அன்று அழுத அழுகையில் அவள் அதை யோசிக்கவேயில்லை.

வீட்டில் யேசுரட்ணம் பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பட்டது தவறி வந்த வெடி இல்லை, என்ன?"

அவர் சப்பாத்தைக் கட்டாமல் அப்படியே இருந்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். பிள்ளையின்ர உடம்பைக் குளிப்பாட்டேக்கையே தெரியும். நீ கோயிலையும் விட்டிடுவாய் எண்ட பயத்தில சொல்லேல்லை."

பாவி மனிசன், இத்தனை வருசமும் தனியே சுமந்திருக்கிறார். அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதிரையில் இருந்தாள்.

"அப்ப சுட்டவன் குறி பாக்கேக்கை பிள்ளையின்ர முகத்தை வடிவாப் பாத்திருக்கிறான்," என்றாள்.