வாசலில் விரித்த பாய்

விடியும் முன்பே கோழி ஆலையில் கொக்கிகள் ஓடத் தொடங்கிவிட்டன. இறகு பறித்த வெளிர் உடம்புகள் தலைகீழாக வந்துகொண்டே இருந்தன. தொமிங்காஸ் இரும்புவலை உறை போட்ட இடக்கையால் தொடையைப் பற்றி, மூட்டில் கத்தியை இறக்கித் திருகினாள். எலும்பு ஒரு தொட்டிக்கு, சதை ஒரு தொட்டிக்கு. குளோரின் நெடி மூக்கை அரித்தது. ரப்பர் பூட்ஸுக்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாத குளிர்.

பக்கத்து இடம் காலி. அவளுடைய ஊர்க்காரன் அபீலியு நிற்க வேண்டிய இடம். அவன் பங்குக் கோழியும் அவள் கைக்கே வந்தது.

"ஆள் குறைஞ்சா வேகத்தையாவது குறைக்கக் கூடாதா?" எதிர் வரிசையிலிருந்து ஊனா கத்தினாள். அந்த வட அயர்லாந்து ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். "செத்த கோழி என்ன ஓட்டம் ஓடுது பாரு. உசிரோட இருக்கற நாமதான் வெறச்சு நிக்கறோம்!"

தொமிங்காஸுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை இருட்டில் அபீலியு வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது ஆலை வாசலிலேயே ஒரு கார் குறுக்கே நின்றது. பையன்கள் இறங்கினார்கள். இரும்புத் தடி அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது. பின்னால் வந்த தொமிங்காஸ் எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள். கத்த வாய் திறந்தாள், குரல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது அபீலியு சொன்னது இதுதான்: ஏதோ வாய்ச்சண்டை, முற்றிவிட்டது. அப்படியே அடிதடி என்று எழுதிக்கொண்டார்கள். ஆலை விதிப்படி வாசலில் அடிதடி போட்டவனுக்கு வேலை கிடையாது. வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். இன்று வியாழன்.

கணக்கு முடிக்க அவனை வரச் சொல்லியிருந்தார்கள். இடைவேளையில் அவன் மாவுக்கட்டோடு சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"வாய்ச்சண்டையா? உனக்கு அவங்க பாஷைல ரொட்டி வாங்கறதுக்கே வாய் வராதேடா!" என்றாள் தொமிங்காஸ்.

"அதுல ஒருத்தனை எனக்குத் தெரியும்க்கா. எதிர்வீட்டுப் பையன். அவங்கம்மா தினம் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாங்க. போலீஸ்ல பேரைச் சொல்லிட்டா அப்புறம் எப்படிப் பாய் விரிக்கறது?"

தொமிங்காஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர்களுடைய தீமோர் தீவில் சண்டை நடந்தால் இரண்டு வீட்டாரும் பாய் விரித்து, வெற்றிலை வைத்து, பேசித் தீர்க்காமல் எழ மாட்டார்கள். அதற்கு முன் வெளியாளிடம் பேர் சொன்னால் அந்தப் பாய்க்கே அவமரியாதை.

"வருவாங்கன்னு இருந்தியா?"

"வீட்டைக் கூட்டி வெச்சேன். காப்பித்தூள் கூட நல்லதா வாங்கினேன்." அவன் தலை குனிந்தான். "நேத்து அவங்கம்மா என்னைப் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டுட்டாங்க."

அப்போது அவனை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தொமிங்காஸும் கூடவே போனாள். முதலாளி ஹேஸ்லெட் நாற்காலியில் இருந்தார். வழக்குக் கோப்பை முடிக்க வந்திருந்த போலீஸ்காரி ரூத் நின்றுகொண்டிருந்தாள்.

"பசங்க சமாச்சாரம், சூடாயிடுச்சு, அவ்வளவுதான்," என்றார் ஹேஸ்லெட். "இன வெறுப்புக் குற்றம் அது இதுன்னு கிளப்பினா நாளைக்கே பேப்பர்காரன் வாசல்ல நிப்பான். கடைக்காரங்க ஆர்டரை நிறுத்துவாங்க. யார் வயித்துல அடி? உங்க வயித்துலதான்."

"அபீலியு வயித்துல இப்பவே அடிச்சாச்சே ஐயா?"

"அது கம்பெனி விதி."

"அடிச்சவனுக்கு என்ன விதி?"

ஹேஸ்லெட் போலீஸ்காரியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வாசல் கேமரால பதிவு இருக்குமே?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை தானா அழிஞ்சிடும். ஒரு அடிதடிக்கு அதெல்லாம் எதுக்கு?"

"அடிதடின்னா என் மேலதிகாரியும் அதைத்தான் கேப்பார். கோப்பு அடியில போயிடும். வெறுப்புக் குற்றம்னா விடமாட்டார். கேமரா, சாட்சி, தெருவுல வீடு வீடா விசாரணை, எல்லாம் பண்ணியாகணும்."

"அடிபட்டவனே அப்படிச் சொல்லலையே!"

"அவர்தான் சொல்லணும்னு இல்லை." ரூத் இப்போது தொமிங்காஸைப் பார்த்துப் பேசினாள். "வேற யாராவது இது வெறுப்பால நடந்ததுன்னு நினைச்சு சொன்னாலே நான் அப்படித்தான் எழுதணும். நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற. ஆனா கோர்ட்டுல நிரூபிக்கறது கஷ்டம்மா. பொய்யா ஆசை காட்ட மாட்டேன்."

"யாரும்தான் பார்க்கலையே," என்றார் ஹேஸ்லெட். பிறகு, மெதுவாக: "தொமிங்காஸ், நீ இருக்கறதும் நம்ம கம்பெனி வீடுதானே?"

திங்கட்கிழமை வராத குரல் இப்போது வந்தது.

"நான் பார்த்தேன்."

"அக்கா, வேணாம்!"

"பாய் உன்னோடது தம்பி. வாய் என்னோடது." போலீஸ்காரியிடம் திரும்பினாள். "'கறுப்பு நாயே, எங்க ஊரை விட்டு ஓடு'ன்னான். அடிக்கறதுக்கு முன்னாடி சொன்னான். அடிச்சப்புறமும் சொன்னான். இவன் ஒரு வார்த்தை பேசலை. எழுதிக்கோங்க."

ரூத் எழுதினாள். பதிவைக் கேட்டாள். தன் வக்கீல் திங்கட்கிழமைதான் வருவார் என்றார் ஹேஸ்லெட்.

"அதுவரைக்கும் அழியாம பார்த்துக்கோங்க. நான் இன்னைக்கே உத்தரவோட வரேன்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

பார்த்துக்கொள்வதாம்! கேமரா பதிவாகும் பெட்டி வாசலில் காவலறைக்குள் இருந்தது. அதன் சாவி ஹேஸ்லெட்டின் பையில் இருந்தது. அழிக்க எவ்வளவு நேரமாகும்?

தொமிங்காஸ் வரிசைக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தாள். இரும்பு உறையைக் கழற்றினாள். வெளியே நடந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் பூட்ஸ் சத்தம்.

காவலறைக் கதவை மறித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்காரப் போனவளை, "இருங்கக்கா," என்று அபீலியு தடுத்தான். தெருவிலிருந்த தன் வீட்டுக்கு ஓடினான். இடது கக்கத்தில் சுருட்டிய பாயோடு வந்தான். எதிர்வீட்டாருக்காக எடுத்து வைத்திருந்த புதுப் பாய். ஒரு கையால் விரிக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்.

ஊனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எனக்கும் இடம் உண்டா? முட்டி வலிக்குது, சட்டுனு சொல்லு."

"தள்ளி உக்காருங்கடா, பெரிய உடம்பு வருது!" என்றாள் தொமிங்காஸ்.

"உன் வாய்க்கு இது சின்ன உடம்புதான்டி."

உள்ளே கொக்கிகள் நின்றன. அந்த ஆலையில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. ஹேஸ்லெட் வேகமாக வந்தார். கையில் சாவிக்கொத்து.

"எந்திரிங்க! கோழி கெட்டுப்போகுது! எவ்வளவு நேரம் இப்படி?"

"பேச்சு முடியாம நாங்க பாயைச் சுருட்ட மாட்டோம் ஐயா," என்றாள் தொமிங்காஸ். "உங்களுக்கும் இடம் இருக்கு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சாவியும் கதவை எட்டவில்லை. மழை தூறியது, யாரும் எழவில்லை. தலைக்கு மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி அவர்களையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அபீலியு தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை.

"அக்கா," என்றான், "அந்தப் போலீஸ்காரம்மா வந்தா, பேரை நானே சொல்றேன்."