பொன்னம்மாள் குரலில் விழுந்த குழிகள்

போன வருஷம் திருவிழாவில் மைக் போட்ட ஊளையில், பலிக்குக் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் ஓடிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் பூசை நேரம் போயே போச்சு. இந்த வருஷமும் ஏடாகூடமானால் அடுத்த திருவிழா வானூர் மைக் செட்காரனுக்குத்தான் என்று ஊர்த் தலைவர் தட்சணாமூர்த்தி, மைக் செட் அருண்ராஜிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த வானூர்க்காரனும் சாமி கும்பிட வந்தவன் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான்.

அருண்ராஜ் சும்மா வரவில்லை. ஊளையை அடக்கும் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேண்டுமென்றே மைக்கை ஊளையிட வைத்தான். எந்தச் சுருதியில் ஊளை கிளம்பியதோ அதை மட்டும் மெலிசாக வெட்டி எடுத்தது சாஃப்ட்வேர். அந்த வெட்டுக்குப் பேர் நாட்ச் ஃபில்டர். திரையில் நேராக ஓடிய கோட்டில் வெட்டிய இடமெல்லாம் குழி விழுந்தது. அவற்றை அப்படியே பூட்டி வைத்தான். நடுவில் புதிதாக ஊளை வந்தால் தானாக வெட்டிக்கொள்ளட்டும் என்று இன்னும் சில ஃபில்டர்களைத் திறந்து விட்டான். மைக்கில் வரப்போவது பேச்சா, பாட்டா என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஏலம்தானே, பேச்சு என்று அமுக்கினான்.

ஏலம் விட வந்தவள் பொன்னம்மாள். கரையில் மீன் ஏலம் விடுகிறவள். அம்மனுக்குச் சாத்திய புடவைகளையும் வருஷா வருஷம் அவள்தான் ஏலம் விடுவாள். 'ஒரு தரம்' என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிற ஆளில்லை. கடைசி எழுத்தை ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே, கூட்டத்தில் யார் கண் ஆசையில் அலைகிறது என்று தேடுவாள். அந்த இழுப்பில்தான் விலை ஏறும்.

முதல் இழுப்பு கணீரென்று கேட்டது. அடுத்ததில் குரல் சளி பிடித்த மாதிரி கம்மியது. அதற்கடுத்ததில் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. உப்பளம் வைத்திருக்கும் பாலகுரு, விலை கேட்கத் தூக்கப்போன கையால் காதைக் குடைந்துகொண்டார். பொன்னம்மாள் நிறுத்திவிட்டாள்.

"ஏம்பா அருணு, நான் ஏத்துறேன், உன் பொட்டி இறக்குது. யாருகிட்ட கமிஷன் வாங்கின?"

கூட்டம் சிரித்தது. வானூர்க்காரன் சுண்டல் பொட்டலத்தை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அருண்ராஜ் திரையைப் பார்த்தான். காலையில் இல்லாத குழிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கிடந்தன. பொன்னம்மாளின் இழுப்பை ஊளை என்று நினைத்து, அவள் இழுக்க இழுக்கச் சாஃப்ட்வேர் வெட்டிக்கொண்டே போயிருக்கிறது! மொத்தமாக அழித்தால் குரல் திரும்பிவிடும். ஆனால் காலையில் பூட்டியதும் சேர்ந்து போய்விடும். அவளோ மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்கிறாள், அந்த நிமிஷமே ஊளை கிளம்பும்.

பூட்டியதைத் தொடாமல் புதுக் குழிகளை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தான். பேச்சு என்றிருந்ததைப் பாட்டு என்று மாற்றினான். பாட்டென்றால் நீண்ட சுருதியைக் கண்டதும் சாஃப்ட்வேர் பாயாது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்.

"இப்ப இழுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் இழுத்தாள். பக்கத்து ஊரான கூனிமேடு வரைக்கும் கேட்டிருக்கும். ஊளையும் இல்லை, குரல் கம்மவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது பாலகுருவின் கை மேலே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு படகுக்காரரும் கை தூக்கினார், விட்டுக்கொடுப்பதாக இல்லை. அருண்ராஜ் பந்தல் மூங்கிலில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

ஏலம் முடிந்ததும் பொன்னம்மாள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். என்னதான் பண்ணினாய் என்று கேட்டாள். நீங்க பேசுறதப் பாட்டுன்னு சொல்லிட்டேன், ஒத்துக்கிச்சு என்றான்.

"அத இந்த ஊரே சொல்லுமே. ஒரு மிஷினுக்குப் புரிய இவ்ளோ நேரமா?"

தலைவர் வந்தார். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. வானூர்க்காரன் காதிலும் விழட்டும் என்று குரலை மட்டும் உயர்த்தினார்.

"டேய் அருணு, அடுத்த வருஷமும் நீதான். முன்னாடியே வேற எங்கயும் ஒத்துக்காத."

தலையை ஆட்டினான் அருண்ராஜ். அப்போதுதான் அவனுக்குப் பசித்தது.