பெனிஸ்டன் பேக்கரிப் பெட்டிகள் பேசிய விதம்

1994 ஆகஸ்ட் மாதத்திலிருந்து 2021 ஜனவரி வரை, தூத்துக்குடி பெனிஸ்டன் பேக்கரியின் மக்ரூன் பெட்டிகள் மூடியைத் திறந்ததும் பேசின. தொடங்கிய வருடம் அரைக்கிலோ நாற்பத்தைந்து ரூபாய். ஒவ்வொரு பெட்டியும் ஒரே ஒரு தடவைதான் பேசும், அதுவும் கடை முதலாளியம்மா ஜெயசெல்வியின் குரலில். ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்த்து அடித்துச் சுட்ட பண்டம் மழைக்காலத்தில் நமத்துப்போகிறது என்று புகார் வந்ததே தவிர, பெட்டி வாயாடுகிறது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை.

ஜெயசெல்வி நாசரேத் ஊரில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். புருஷன் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, இவர் கல்லாவில் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டோடு உட்கார்ந்திருப்பார். வாங்க வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், நாலு வரி எழுதுவார், சீட்டை மக்ரூனுக்கு மேலே வைத்து நூல் கட்டிக் கொடுப்பார். சீட்டில் இருப்பதைத்தான் பெட்டி சொல்லும். துபாய்க்குப் போன பெட்டி ஒரு காயல்பட்டினத்துப் பையனிடம், வாப்பா நன்றாக இருக்கிறார், நீ நேரத்துக்குத் தூங்கு என்றது. சாகுபுரம் ஆலை குவார்ட்டர்ஸில் பரீட்சையில் தோற்ற பெண்ணிடம், மார்ச்சுக்குப் பிறகு ஜூன் என்றும் ஒரு மாதம் உண்டு என்று ஞாபகப்படுத்தியது. எனக்கும் ஒரு பெட்டி பேசியிருக்கிறது. என்ன என்று சொல்ல மாட்டேன். யாரிடம் என்ன சொன்னாலும் எல்லாப் பெட்டியும் முடிகிற இடம் ஒன்றுதான்: “கையக் கழுவிட்டுத் தின்னுங்க.” ஜெயசெல்வி விடுதியை விட்டு வந்தாலும் விடுதி அவரை விட்டபாடில்லை.

கடைக்குப் பெயர் கொடுத்த மகன் பெனிஸ்டனுக்கு மட்டும் அம்மா ஒரு பெட்டிகூடக் கட்டிக் கொடுத்ததில்லை. கடைக்காரன் வீட்டுக்கு உடைசல்தானே வரும். அதைத் தட்டோடு தின்று வளர்ந்து, பெங்களூருக்கு வேலைக்குப் போனார். 2021 ஜனவரியில் ஜெயசெல்வி காய்ச்சலில் இறந்தபோது, நாற்பது வயதில் கடையைப் பார்க்கத் திரும்பி வந்தார். அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று பெட்டிகள் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசிய குரல் பெற்ற பிள்ளையிடம் ஒரு பெட்டியிலும் பேசவில்லையே என்று அவருக்கு ஆறவே இல்லை. எப்படியாவது அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அதற்காகக் கடையை விற்றாலும் சரி என்று இருந்தார்.

பெங்களூர்ப் புத்தி பெங்களூர் வழியைத்தானே காட்டும். பழைய சீட்டு கொண்டுவந்தால் கால்கிலோ இலவசம் என்று போர்டு வைத்தார். பைபிளுக்குள்ளிருந்தும் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்தும் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வந்தன. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து அவற்றைப் படித்து, ஜெயசெல்வி எழுதிய மாதிரியே யாரும் எழுதலாம் என்று ஐம்பத்தாறு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்தது. எப்போதும் உற்சாகமாக எழுத வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத வேண்டும். கை கழுவச் சொல்வது வாடிக்கையாளரை அழுக்கர் என்பது போலாகும், ஆகவே அந்த வரி கூடாது என்று பதினேழாம் பக்கம் சொன்னது. அம்மா மாதிரி எழுதினால் அம்மா குரலும் வந்துவிடும் என்று நம்பி பெனிஸ்டன் கையெழுத்துப் போட்டார். ஜெயசெல்வியிடம் வேலை பார்த்து, இப்போது கல்லாவில் இருந்த முருகேஸ்வரி அதன்படி காலையிலேயே நூறு சீட்டு எழுதி அடுக்கிவைத்தார்.

பெட்டிகள் பேசத்தான் செய்தன. யாருடைய குரல் என்றுதான் தெரியவில்லை. “வணக்கம்! உங்கள் கொண்டாட்டத்தில் நாங்களும் பங்கேற்கிறோம்!” ஒரு கல்யாண வீட்டில் முந்நூறு பெட்டிகள் ஒரே நேரத்தில் இதைச் சொன்னதில் சர்ச் ஐயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதையாவது சிரித்து மறக்கலாம். திரேஸ்புரத்து ஆக்னஸ், தோணியில் கயிறு சுற்றிக் காலை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனுக்கு ஒரு பெட்டி வாங்கிப்போனார். வார்டு முழுக்கக் கேட்கும்படி அது கொண்டாட்டம் என்று கூவியது. அந்த மனுஷர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆக்னஸ் பெட்டியைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். “ஒங்க அம்மா இருந்தா இப்படி எழுதிருப்பாவளா? யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியளா?”

பெனிஸ்டன் முருகேஸ்வரியைப் பார்த்தார். “அம்மா யாருக்கு, என்ன வெசயம்னு கேட்டுட்டுத்தான் பேனாவையே தொடுவாவ அண்ணாச்சி,” என்றார் முருகேஸ்வரி. “பொஸ்தகத்துல அது இல்ல. அதான் நான் கேக்கல.”

அன்று சாயங்காலமே ஐம்பத்தாறு பக்கமும் அடுப்புக்குப் போயின. அதற்குப் பதிலாகப் பெனிஸ்டன் மூன்று வரிகளைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்: யாருக்கு என்று கேள். அவர் முகத்தை நினைத்து எழுது. கை கழுவச் சொல். முருகேஸ்வரி ஆக்னஸிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு ஒரு சீட்டு எழுதினார். பெட்டி என்ன சொன்னதோ தெரியாது, அந்த மனுஷர் எழுந்து உட்கார்ந்து இரண்டு தின்றார். அன்றிலிருந்து பெட்டிகள் முருகேஸ்வரியின் கொஞ்சம் கரகரத்த குரலில் பேசுகின்றன. ஊருக்கு அது பழகிவிட்டது. பெனிஸ்டனும் தேடியதை விட்டுவிட்டார், அல்லது விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டு கடைக்கு ஆளே வராத ஒரு மத்தியானம், அவர் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று அரைக்கிலோ கேட்டார். இப்போது விலை ஐந்நூற்று அறுபது. முருகேஸ்வரி வழக்கப்படி கேட்டார்: “யாருக்கு அண்ணாச்சி?”

“எனக்குத்தான்.”

முருகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தபடி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுவதென்று ஓடவில்லை. கடைசியில் வெறும் சீட்டையே மேலே வைத்து நூல் கட்டிக் கொடுத்தார். பெனிஸ்டன் அடுப்புப் பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, நூலை அவிழ்த்து, மூடியைத் திறந்தார்.

“ஏலே பெனி,” என்று ஜெயசெல்வியின் குரல் அதட்டியது. “கையக் கழுவுனியாலே?”

பெனிஸ்டன் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.