அசையாத கன்னம்

முகம் அசையாமல் புளுகுவதில் சலூன்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வித்தை சில வாரங்களாக இன்னும் மெருகேறியிருந்தது. என்ன அளந்துவிட்டாலும் இடது கன்னத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நாற்பது வருட உழைப்பு பலித்துவிட்டது என்று கடைக் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டார்.

அவர் குடிக்கும் தண்ணீர் கடைவாயில் ஒழுகுவதைக் கண்ட மனைவிதான், தன் தம்பியைத் துணைக்கு அனுப்பி ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். கடையின் இரண்டாவது நாற்காலி அந்த மச்சானுடையது. சனிக்கிழமைதோறும் இருவரும் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வார்கள்.

டாக்டருக்குச் சலூன்காரரின் மகள் வயதுதான் இருக்கும். இடது காதுக்குக் கீழே இருந்த கட்டியை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார்.

“இது எப்போ வந்துச்சு?”

“ஒருத்தர் மீசைக்குள்ள தேனீ கூடு கட்டியிருந்துச்சு டாக்டரம்மா. கத்தரியை வச்சதும் ராணித் தேனீ கோவிச்சுக்கிட்டு வெளியே வந்து, சரியா இங்க…”

“எந்த வருஷம்?”

சலூன்காரர் கொஞ்சம் ஆடிப்போனார். அந்தத் தேனீக்கு இதுவரை யாரும் வருஷம் கேட்டதில்லை.

“ஒரு பதினோரு வருஷம் இருக்கும்.”

“சீட்டு வாங்கின இடத்துல மூணு மாசம்னு சொல்லியிருக்கீங்க. நர்ஸ்கிட்ட, மூணாங்கிளாஸ் வாத்தியார் கிள்ளுனதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்றதுதான்.”

டாக்டர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது உமிழ்நீர்ச் சுரப்பி. வருஷக்கணக்கா சும்மா கிடந்த கட்டி திடீர்னு வளர்ந்தா, புற்றுநோயா மாறியிருக்கலாம். முகத்தை ஆட்டுற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுது. எப்போ மாறுச்சுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு அவசரம்னு தெரியும். எங்க, கொஞ்சம் சிரிங்க.”

“சிரிச்சா என் பேரு கெட்டுடும்.”

“கெடட்டும்.”

கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் பார்த்தார். வலது பாதி சிரித்தது. இடது பாதி யாருக்கோ வந்த துக்கத்தைப் போல வேடிக்கை பார்த்தது.

“அப்போ என் வித்தை?”

“வித்தை இல்லீங்க. நரம்பு.”

பயந்துபோய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யோசித்தார். வரவில்லை. இத்தனை கதைகளுக்கு அடியில் நிஜம் எங்கேயோ சிக்கிக் கிடந்தது.

மச்சான் தொண்டையைக் கனைத்தான். “நான் சொல்லலாமா?”

“உனக்கென்னடா தெரியும்?”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி பட்டாணி அளவு இருந்துச்சு. கட்டைவிரல் பட்டா நழுவி ஓடும், நான் கத்தியை வளைச்சு எடுத்துப்பேன். போன மழை முடிஞ்சதும் கோலிக்குண்டு ஆச்சு. நாலு மாசமா நழுவல, கல்லு மாதிரி ஒட்டிக்கிச்சு. மூணு வாரமா அங்க தொட்டா வலியில தோளைத் தூக்குறாரு. ஆறு சனிக்கிழமையா, நுரை பட்டாலும் அந்தப் பக்கத்துக் கண்ணு முழுசா மூடல.”

டாக்டரின் பேனா ஓடியது. சலூன்காரர் வாயைப் பிளந்தார், பாதியை மட்டும்.

“எட்டு வருஷமா வாயில என்னடா வச்சிருந்தே?”

“வாடிக்கையாளர் முகத்துல கையில எது பட்டாலும் வாய் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க மச்சான்.”

“நான் வாடிக்கையாளராடா?”

“நாற்காலியில உக்காந்தா யாரா இருந்தாலும்னு சொன்னீங்க.”

டாக்டர் அப்போதுதான் முதன்முறையாக உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மறுநாளே ஸ்கேனுக்கும், ஊசி வைத்துச் சாம்பிள் எடுக்கவும் எழுதிக்கொடுத்தார்.

“என் முகம் திரும்பி வருமா?”

“தெரியலைங்க. நரம்பு இன்னும் முழுசா போகல. அதான் அவசரப்படுறேன்.”

அடுத்த சனிக்கிழமைக்குள் முடிவு வந்துவிட்டது. சலூன்காரர் கடையில் காத்திருந்த நாலு பேரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னார்: “எச்சில் ஊறுற இடத்துல புற்றுநோய். பாதி முகம் தூங்குது. புதன்கிழமை ஆபரேஷன்.”

நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “சரி, அந்த ராணித் தேனீ என்ன ஆச்சு?” என்றார் ஒருவர்.

சலூன்காரர் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். “மச்சான், இன்னைக்குக் கையில படுறதை வாய்விட்டுச் சொல்லு.”

மச்சான் நுரையைத் தடவினான். கட்டைவிரல் மெல்ல இறங்கியது.

“இங்க கல்லு மாதிரி இருக்கு. காதுமடல் ஓரம் கொஞ்சம் இழுக்குது. கழுத்துல… ஒண்ணும் தட்டுப்படல மச்சான்.”

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. தேனீயைப் பற்றிக் கேட்டவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் காதுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டார்.