முதலாளிக்கு மேலே யார்?

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு அதுக்குப் பொட்டு வெச்சு, தேங்கா உடைச்சு, கற்பூரம் காட்டினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. நாலு வருஷமா அங்க டைப் அடிக்கிறேன், இன்னமும் டெம்பரவரி. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வேலைய விட்டு நிறுத்துவாங்க, ரெண்டு நாள் கழிச்சு புது ஆர்டர் குடுத்து எடுப்பாங்க. அந்த ஆர்டரையும் நானேதான் டைப் அடிக்கணும். நேத்து வந்த பொட்டிக்கு ஏசி ரூம், எனக்கு ஒரு நிரந்தரம் கெடையாது.

இது எம்பத்தேழுல நடந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு எங்களுது, அதுல சாரங்கிற பகுதியில எங்க கம்பெனி. பிரான்சுக்கு மேசை விரிப்பு தைச்சு அனுப்புறது. முதலாளி ராஜாங்கம் நல்ல மனுசன்தான், ஆனா எதைக் கேட்டாலும் பாக்கலாம்பார். என் நிரந்தரத்தக் கேட்டப்பல்லாம் பாக்கலாம் கமலவேணின்னார். நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்குக் கோவம் மூக்கு மேலயே நிக்கும். சோறு போடுற எடமாச்சேன்னு முழுங்கிக்குவேன்.

பொட்டியோட வந்தவன் அமலநாதன். அவங்க அப்பா பிரெஞ்சு பட்டாளத்துல சிப்பாயா இருந்து பென்சன் வாங்குறவர், எங்க ஊருல சொல்தான்னுவாங்க. அதனால தையக்காரங்க இவனுக்கு பிரெஞ்சு தொர மாதிரி முசியேன்னு பேரு வெச்சிட்டாங்க. சாதுவான பையன். யார் கையில எந்த வேலை நிக்குதுன்னே தெரியலியேன்னு முதலாளி பொலம்பினதுக்கு இவன் ஒரு புரோக்ராம் எழுதிக்கிட்டு வந்தான். ஒவ்வொரு வேலைக்கும் யார் செய்யணும், எவ்வளவு நேரத்துல செய்யணும், செய்யலன்னா யார் கைக்குப் போவணும்னு பதிஞ்சு வெச்சிடணும். நேரம் தாண்டினா மிஷினே அடுத்த ஆள் பேர் போட்டு ஒரு சீட்டு அடிச்சுத் தள்ளும். முதலாளிக்குத் தலகால் புரியல. எல்லாரையும் கூட்டி, இனிமே சீட்டு யார் பேருக்கு வருதோ அவங்கதான் அந்த வேலைக்குப் பொறுப்பு, முடிக்காம வீட்டுக்குப் போவக் கூடாது, நானா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டார்.

மறுநாள் அமலநாதன் கூட ஒக்காந்து வேலையெல்லாம் பதியச் சொல்லி என்னைப் போட்டாங்க. வெட்டுறது, ஓரம் தைக்கிறது, சலவை, பேக்கிங். எல்லாத்துக்கும் மேல மேனேஜர் கண்ணையன், அவருக்கு மேல முதலாளி. ஆளுக்கு ஒரு மணி நேரம். அதோட நிறுத்தலாம்னா மிஷின் விடல. ஒரு வேலைக்கு நாலு பேர் வேணுமாம், முதலாளிக்கு மேலயும் ஒரு பேர் குடுத்தாத்தான் அடுத்த வரிக்கே நகருமாம். அமலநாதன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, முதலாளி நேரத்துக்கு முடிக்கலன்னா யாருக்குப் போவும் மேடம்னு கேட்டான். மேடமாம். இருந்த கடுப்புல, அமிர்தவல்லி அம்மாவுக்குத்தான், இது ஊருக்கே தெரிஞ்சதாச்சேன்னேன். அவன் சிரிக்கக் கூட இல்ல. அப்படியே தட்டிட்டான்.

அமிர்தவல்லி அம்மா முதலாளியோட சம்சாரம். தெனம் சாயங்காலம் அவர் கூட வந்து ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாங்க. அவங்க தலையாட்டாம ஒரு மூட்டை கட்ட முடியாது.

எல்லாம் ஆனதும், ஓடுதான்னு பாக்க இன்னொரு வேலை சொல்லுங்கன்னான். என் வாய் சும்மா இருக்குமா? கமலவேணிய நிரந்தரம் பண்றதுன்னு போடுன்னேன். அதையும் போட்டான். சாப்பிட்டு வந்து அழிச்சிடலாம்னு மிஷின ஓட விட்டுட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டோம்.

சங்கதியே இங்கதான். எங்க ஊருல மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கடையெல்லாம் மூடிடும். எங்க கம்பெனியும் மூடிடும். சாப்பிட்டுப் படுத்தா படுத்ததுதான். வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பழக்கமோ, வெயில் குடுத்த பழக்கமோ, யார் கண்டா. அமலநாதனும் இந்த ஊர்ப் புள்ளதானே. அந்த மூணு மணிய அவன் ஒரு நேரமாவே நெனைக்கல. அதை மிஷினுக்குச் சொல்லி வைக்கணும்னு அவனுக்கும் தோணல, பக்கத்துல இருந்த எனக்கும் தோணல.

நாலு மணிக்குக் கதவத் தொறந்தா ரூம் பூரா காகிதம். தையக்காரங்க தூங்கினாங்க, வேலை கண்ணையனுக்கு ஏறிச்சு. கண்ணையன் தூங்கினார், முதலாளிக்கு ஏறிச்சு. முதலாளி மூலக்குளத்து வீட்டுல ஃபேனுக்கு அடியில கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தார். கம்பெனி வேலை மொத்தமும் அமிர்தவல்லி அம்மா பேருல தரையில கெடந்தது. அமலநாதன் அள்ளிக்கிட்டு இருக்கும்போதே புருஷனும் பொண்டாட்டியும் உள்ள வந்துட்டாங்க.

அம்மா கான்வென்டுல படிச்சவங்க, இங்கிலீசு சீட்டு அவங்களுக்கு ஒரு பொருட்டில்ல. ஒவ்வொண்ணா வாங்கிப் படிச்சாங்க. என் சீட்டு அவங்க கைக்குப் போனதும், இருக்கிற டெம்பரவரியும் போச்சுடி கமலான்னு நெனைச்சேன். முதலாளி அமலநாதன் மேல பாய்ஞ்சார், இதையெல்லாம் கிழிச்சுப் போடுன்னார்.

அம்மா அவரோட நாற்காலியில போய் ஒக்காந்தாங்க. "என் பேருக்கு வந்தத நான் முடிக்காம வீட்டுக்கு வரக் கூடாதே. நேத்து ராத்திரி நீங்கதானே பெருமையா சொன்னீங்க? இந்தப் பொண்ணு விஷயம் ஏன் நிக்குது?"

முதலாளி அவங்க பக்கம் குனிஞ்சார். "கல்யாணம் ஆனா போயிடுவா அமிர்தம். அவளுக்கு எதுக்கு நிரந்தரம்?"

நாலு வருஷமா பாக்கலாம் பாக்கலாம்னதுக்கு இதுதானா காரணம்? அம்மா என் சீட்ட மேசை மேல வெச்சாங்க.

"நான் கல்யாணம் ஆயித்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். இத்தினி வருஷத்துல போயிட்டேனா? என்னை எப்பங்க நிரந்தரம் பண்ணப் போறீங்க?"

பாக்கலாம்னு சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கிட்டார். அமலநாதன் மெதுவா, அம்மா பேர மிஷின்ல அழிச்சிடவா சார்னு கேட்டான். இருக்கட்டும்னார் முதலாளி. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ரெண்டு ஆர்டர் அடிச்சுக் கொண்டாம்மான்னார்.

அடிச்சேன். எனக்கு டைப்பிஸ்ட், அம்மாவுக்குத் தரம் பாக்குற அதிகாரி. முதலாளி என்னோடதுல சட்டுனு கையெழுத்துப் போட்டார். அம்மாவோடத நின்னுக்கிட்டே ரெண்டு தடவை படிச்சுட்டு, கையெழுத்துப் போட்டு, ரெண்டு கையாலயும் நீட்டினார். அம்மா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. என் ஆர்டர் கைக்கு வந்தப்பகூட அழாதவ, அதப் பாத்துட்டுத்தான் அழுதேன்.