முப்பத்தொன்றாம் மைலில் ஆறடித் தார்

வெர்னா டீக் அன்று காலை ஏழு மணிக்கே முப்பத்தொன்றாம் மைலில் வண்டியை நிறுத்திவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே விட்லாக் ஆறு, நடுவில் மாநில நெடுஞ்சாலை. அந்த இடத்தில் சாலை எப்போதும் ஒரு சாண் அமுங்கியே கிடக்கும். பள்ளிப் பேருந்து அதில் இறங்கி ஏறும்போது வயிறு ஜிலீரென்று ஆக, பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போடும். அதனால் ஊரில் அந்தப் பள்ளத்துக்கு ஊஞ்சல் என்றே பேர். பனி உருகியதும் வெர்னாவின் ஆட்கள் சூடான தாரைக் கொட்டி மட்டப்படுத்துவார்கள், அடுத்த வருஷத்துக்குள் அது திரும்ப அமுங்கிவிடும். பத்தொன்பது வருஷமாக அவள் கொட்டுகிறாள். அதற்கு முன்னால் வேறு ஆட்கள் கொட்டினார்கள்.

இந்தச் சாலை முதலில் இங்கே இல்லவே இல்லை. குதிரை வண்டிக் காலத்தில் அது ஆரின் என்ற ஊரிலிருந்து கிளம்பி, மலைமுகட்டோடு சுற்றிச் சுற்றிப் போய், ஆறு கடலைத் தொடும் இடத்தில் இறங்கும். மரம் அறுக்கும் ஆலைக்காரர்களுக்கு அந்த ஏற்றம் பிடிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மலையின் அடியை வெட்டி, ஆற்றோரமாகச் சாலையை இறக்கினார்கள். நாற்பது மைல் மிச்சம் என்று ஊரே கைதட்டியது. காலை வெட்டிவிட்டால் ஆள் எப்படி நிற்பான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு வேலை, ஆற்றுப்பக்கத் தடுப்புக்கு ஒரு புதுக் கம்பம் நடுவது. கூட வேலை பார்க்கும் லைல் துளை போடும் இயந்திரத்தை இறக்கினான். ஓரடி போனது, தார். இரண்டடி, மூன்றடி, அப்போதும் தார். இயந்திரத்தின் தண்டு முழுக்க உள்ளே போயும் ஒரு சல்லிக்கல் மேலே வரவில்லை. லைல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆறடி, வெர்னா. ஆறடியும் நாம கொட்டினதுதான்."

வெர்னா குனிந்து துளைக்குள் பார்த்தாள். சாலை அமுங்கவில்லை, மலைச்சரிவே ஆற்றுப்பக்கம் நழுவிக்கொண்டிருக்கிறது. சரியப் பார்க்கிற மண்ணின் தலையில் வருஷா வருஷம் லாரி லாரியாகப் பாரம் ஏற்றியது அவள்தான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. வருகிற மழைக்கு இது தாங்காது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. தினமும் இருபத்திரண்டு பிள்ளைகள் இதன்மேல் கூச்சல் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

மாவட்டப் பொறியாளர் கிரண்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். நாளைக்குச் சனிக்கிழமை, சால்மன் மீன் திருவிழா, தலைநகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், பேசாமல் இன்னும் இரண்டு லாரி தார் போட்டு மூடு என்றார். சாலை பயணத்துக்குத் தகுதி என்று வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கொடுக்க வேண்டிய படிவத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். அந்தப் படிவத்தை அவள் ஒரு தடவைகூட வண்டியை விட்டு இறங்கி நிரப்பியதில்லை. ஸ்டியரிங்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டாள்.

போனை வைத்தாள். லாரியைக் குறுக்கே நிறுத்தினாள். சிவப்புப் பலகையைத் தூக்கிச் சாலையின் நடுவில் நட்டாள்.

அரைமணி நேரத்தில் மரலாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. திருவிழாவை நம்பிப் பத்துக் கூடை ரொட்டி சுட்டு வைத்திருந்த உணவுக்கடைக்கார டெல்மா, என் பிழைப்பில் மண்ணைப் போடவா பிறந்தாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். பள்ளிப் பேருந்து வந்து நின்றது. அதை ஓட்டும் ஓபல் இறங்கி வந்து, துளைக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்த குச்சியை உள்ளே விட்டாள், குச்சி முழுக்கப் போயிற்று, சுற்றிலும் தார்தான். திரும்பிப் போய், பேருந்தைப் பின்னால் எடுத்து, பழைய முகட்டுப் பாதைக்குத் திருப்பினாள். அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

பத்து மணிக்குக் கிரண்டி வந்து சேர்ந்தார். அவளைத் தனியாக ஓரமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோசிச்சுப் பேசு அம்மணி. இன்னிக்கு இந்த ரோடு ஆபத்துன்னு எழுதினா, பத்தொன்பது வருஷமா நீ போட்ட கையெழுத்தெல்லாம் பொய்யின்னு ஆகும். மாட்டப்போறது நானில்ல, நீ. பென்ஷனுக்கு ரெண்டே வருஷம் இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. வெர்னா அவர் கொண்டுவந்திருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க லாரியின் முன்பக்கத்தில் விரித்து வைத்து எழுதினாள். பயணத்துக்குத் தகுதி இல்லை. போன வருஷமும் இல்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

"உன்னை யாரு ரோட்டை மூடச் சொன்னது? யாரு குடுத்த அதிகாரம்?" கிரண்டி இப்போது ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினார்.

"இத்தனை வருஷம் ஓட்டையை மூடினேனே, அப்ப யாராச்சும் அதிகாரம் கேட்டீங்களா?" வெர்னா படிவத்தை அவர் கையில் திணித்தாள். "தப்பை மூடி வச்சா அது செத்துப்போகாது சார். உள்ளயே கனம் ஏறும். ஏறி ஏறி, ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க மேல போறப்ப விழும். என் வேலை போகட்டும், பென்ஷன் போகட்டும். பார்க்காம கையெழுத்துப் போடுறவன் கொலைக்குச் சாட்சி இல்ல, கூட்டாளி. நான் இனிமே கூட்டாளியா இருக்க மாட்டேன்."

கிரண்டி சிவப்புப் பலகையைப் பிடுங்கக் கை நீட்டினார். அதுவரை வெர்னாவை ஏசிக்கொண்டிருந்த டெல்மா வந்து, அவர் கை படாதபடி அதை மறித்து நின்றுகொண்டாள்.