விழுப்புரத்தில் மணி என்ன?

திண்டிவனம் கல்லூரியில் யார் கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாலும், திரைக்குப் பின்னால் சர்வீஸ் என்ற ஒரு புரோகிராம் விழுப்புரத்துக்கு ஓடும். எல்லாருடைய விவரமும் அங்கே கல்லூரியின் தலைமை அலுவலக சர்வரில் இருந்தது. "இந்த ஆள் நம்ம ஆளா?" என்று கேட்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால்தான் உள்ளே விடும். அந்த சர்வீஸைப் பார்த்துக்கொள்வது ஆரோக்கிய ஜெனித்தின் வேலை. அது ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. ஜெனித் இருப்பதும் தெரியாது. அவன் அறையில் ஏசி இருந்தது, அது சர்வருக்கு.

திண்டிவனத்து சர்வரின் கடிகாரம் சோம்பேறி. நாளுக்கு ஐந்து நிமிடம் போல மெல்ல மெல்லப் பின்தங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் விழுப்புரம் சந்தேகப்பட்டு எல்லாரையும் வெளியே நிறுத்திவிடும். அதனால் தினமும் காலையில் மணி கேட்டுத் திருத்திவைக்க ஜெனித் விழுப்புரத்துக்குப் போன் போடுவான். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும், அவன் பார்த்தேயிராத கிருஷ்ணவேணி எடுப்பாள்.

"மணி என்னங்க?"

"பத்து இருபது. ஏங்க, திண்டிவனத்துல ஒரு வாட்ச் கடைகூட இல்லியா?"

"இருக்குங்க. அதெல்லாம் திண்டிவனத்து மணியைத்தான் காட்டும்."

சிரிப்பாள். அன்றைக்கு அவனோடு மனுஷர் பேசியது அவ்வளவுதான். கேன்டீன்காரர் "டோக்கன்?" என்பதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

விழுப்புரத்திடம் தானே மணி கேட்டுக்கொள்ளும்படி சர்வருக்குச் சொல்ல ஒரு வரி போதும். ஜெனித் அதை எப்போதோ எழுதிவிட்டான். எழுதி, முன்னால் ஒரு # குறியும் போட்டுவிட்டான். அந்தக் குறி போட்ட வரியை மெஷின் படிக்காது.

செய்முறைத் தேர்வன்று கிருஷ்ணவேணி போனை எடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டுக் கெடார் கிராமத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். அதையெல்லாம் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமில்லை. ஜெனித் திரும்பத் திரும்பப் போட்டான். அதற்குள் லேப் மொத்தமும் வெளியே நின்றது. சாந்தினி என்ற மூன்றாம் வருடப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், மூணு வருஷமா இங்கதான் படிக்கிறேன். இப்ப உள்ளயே வுட மாட்டேங்குது. எக்ஸாமினர் கத்திக்கினு இருக்காரு."

"இரும்மா. விழுப்புரம் லைன் கிடைக்கல."

"லைன் எதுக்கு சார்?"

"மணி கேக்கணும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். செஞ்சிப் பக்கத்துப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"இது போச்சுன்னா அரியர் சார்" என்றாள்.

ஜெனித் # குறியை அழித்தான். லேப் திறந்துகொண்டது. நன்றி சொல்ல யாருமில்லை. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் சர்வீஸ் விழவேயில்லை. நொடி பிசகாமல், இரக்கமே இல்லாமல் ஓடியது. ஒரு வாரம் பொறுத்தவன் போன் போட்டான்.

"என்னங்க, விழுந்துடுச்சா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கு."

"அப்ப எதுக்கு போனு?"

ஜெனித் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சாப்ட்டீங்களா?"

"காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா?"

"எதா இருந்தாலும் சரிங்க."

அந்தப் பக்கம் இன்னொரு போன் அடித்தது. "இருங்க, வேற கால் வருது. வெச்சுடாதீங்க."

ஹோல்டில் கல்லூரியின் அட்மிஷன் விளம்பரம் ஓடியது. அன்பான சூழல், குடும்பம் போன்ற வளாகம் என்று ஒரு குரல் அடுக்கிக்கொண்டே போனது. முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜெனித் வைக்கவில்லை.